வெறும் பொட்டியில் ஒரு பொட்டலம்

செங்கல்வராயன் ஈ எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேசினால் இடது கையைத் தூக்குவார். பேசியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐஸில் மயக்கி வெள்ளைத் தட்டில் கொட்டிய பழ ஈக்களைப் பெயிண்ட் பிரஷ் நுனியால் பத்துப் பத்தாகத் தள்ளி, எண்ணி, நோட்டில் எழுதி மூடிய பிறகுதான் "இன்னா அண்ணாத்தே?" என்பார். அதுவரை துறைத் தலைவரே வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

வயது ஐம்பத்து மூன்று. வீடு அயனம்பாக்கம். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஒப்பந்த லேப் உதவியாளர். "வேல இல்லாதவன ஈ ஓட்றான்னுவாங்க. நான் ஈ வளத்து சம்பளம் வாங்கறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வேறு யாராவது சொன்னால் முறைப்பார்.

நெற்றியில் காதுக்குக் காது மூன்று பட்டை விபூதி. வாக்காளர் அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பைக் கண்ணாடியில் பார்த்து அழிந்ததைச் சரிசெய்யாமல் எங்கும் நுழைய மாட்டார். விபூதிப் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்கும்.

அவர் பார்த்துக்கொள்வது இரண்டு பெட்டிகள். அவற்றுக்கு இரும்புச் சட்டமும் கதவும் போட்டவன் நான். அம்பத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சுவர் நாலு விரல் கன ஈயக்கட்டி. எதற்கு இவ்வளவு கனம் என்று கேட்டேன். ஆராய்ச்சி செய்யும் கிருஷ்ணப்பிரியா மேடம்தான் விளங்கவைத்தார். மண், சுவர், வானம் எல்லாவற்றிலிருந்தும் எந்நேரமும் கொஞ்சம் கதிர்வீச்சு நம்மேல் பட்டுக்கொண்டேதான் இருக்கிறதாம். அதிகமானால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கத்தைவிட ரொம்பக் குறைத்துவிட்டால் உயிர் என்ன ஆகும்? அதைப் பார்க்கத்தான் ஈயமும் ஈயும்.

இரண்டு பெட்டியிலும் ஒரே ஜாதி ஈ, ஒரே தீனி, ஒரே சூடு. ஒன்றின் அடியில் மட்டும் பொட்டாஷ் உரம் ஒரு மூட்டை. பொட்டாஷில் இயல்பாகவே லேசான கதிர்வீச்சு உண்டு. ஈயம் தடுத்ததை அது திருப்பிக் கொடுத்துவிடும். இன்னொன்றில் எதுவும் கிடையாது. செங்கல்வராயன் வைத்த பெயர்கள் உரப் பொட்டி, வெறும் பொட்டி.

வெறும் பொட்டியைத் திறந்தால் தலையை உள்ளே விட்டு, "இன்னா, கீறீங்களா?" என்று நலம் விசாரிப்பார். உரப் பொட்டியிடம் கேட்க மாட்டார். "அதுங்களுக்கு இன்னா கொற? மூட்ட கீது."

மூன்று மாதத்தில் வெறும் பொட்டி ஈக்கள் சுணங்கின. உரப் பொட்டியில் நூறு குஞ்சு என்றால் இங்கே எழுபது. மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவர் தேடியதே அந்த வித்தியாசத்தைத்தான். செங்கல்வராயன் மட்டும் அந்த எண்ணை எழுதும்போது பேனாவை அழுத்தமாட்டார்.

பிறகு எழுபது எண்பதானது, தொண்ணூறானது. கூடவே வெறும் பொட்டிக்குள் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரும் நிமிடத்துக்கு ஆறு துடிப்பிலிருந்து ஒன்பதுக்கு ஏறியது. துறைத் தலைவர் என்னை லேபுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"போன மாசம் கதவுக்குத் தகடு மாத்தினது நீங்கதானே? புது இரும்புல கதிர்வீச்சு உள்ளது ஏதாவது கலந்திருக்கும்."

"பழைய தகடு சார். மேடம் சொன்னாங்கன்னு அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையெல்லாம் அலைஞ்சு எடுத்தேன்."

"அப்போ மீட்டர் பொய் சொல்லுதா? கதவை அறுத்து எடுங்க. இனிமே இந்தக் காலேஜ்ல உங்களுக்கு வேலை கிடையாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாதாடுவதில் பிரயோஜனமில்லை என்று கிரைண்டரை எடுத்து ப்ளக்கைச் சொருகினேன். மேடம் மேசையருகே நின்றிருந்தார், செங்கல்வராயன் சுவரோரம். அந்த மாதக் கடைசியில் செங்கல்வராயனின் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே நிற்கும் அதே துறைத் தலைவர்.

"அண்ணாத்தே, ப்ளக்க புடுங்கு."

பிடுங்கினேன். வெறும் பொட்டியைத் திறந்து, தோள்வரை கையை விட்டு, தட்டுகளுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். மேசை மேலிருந்த இன்னொரு மீட்டரின் மூக்கில் கொண்டுபோய் வைத்தார். மீட்டர் வேகமாகத் துடித்தது.

"திருத்தணி துண்ணூறு சார். கால் கிலோ. நான்தான் வெச்சேன். தகட்டுக்காரர் மேல தப்பு இல்ல."

"என்ன காரியம் பண்ணியிருக்க? எதுக்குய்யா?"

"சவலப் புள்ள கணக்கா கீதுங்க சார். டெய்லி எண்றவன் நானு. பாக்க முடியல."

மேடம் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "விபூதியில எப்படிண்ணே?"

"சாம்பல்தானேம்மா. மூட்ட உரம் வர்றதுக்கு மின்ன எங்க கழனிக்கு சாம்பல்தான் கொட்னாங்க. சாம்பல்லயும் பொட்டாஷ் கீது. நேத்து மூட்டையாண்ட பெருக்கறப்பதான் எனக்கே ஒறச்சுது. சொல்ல தெகிரியம் வர்ல."

கதவு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் துறைத் தலைவர் போய்விட்டார். மேடம் நோட்டில் ஐந்து வாரப் பக்கங்களுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் செங்கல்வராயனின் கோணல் கையெழுத்து. இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "எண்ணுங்கண்ணே" என்றார். ஒப்பந்தம் வழக்கமாக ஒரு வருஷம். இந்த முறை மூன்று மாதத்துக்குத்தான் கையெழுத்து விழுந்தது.

ஈக்கள் தேறியது சாமியாலா பொட்டாஷாலா என்று கேட்டு ஒருநாள் வம்பிழுத்தேன்.

"ஒரே பொட்டலந்தானே. அத்த நான் இன்னான்னு பிரிக்கறது? நீ போய் வெல்டு வையி."

இப்போது மறுபடி முதலிலிருந்து. மறுபடி எண்ணிக்கை எழுபதை நோக்கி இறங்குகிறது. அவர் எழுதுகிறார்.

போன வாரம் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடப் போயிருந்தேன். செங்கல்வராயன் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணாடியில் பார்த்தார், சட்டைப் பைக்குக் கை போகவில்லை. லேப் வாசல் குழாயில் துண்டை நனைத்து, நெற்றியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுந்தத் துடைத்தார். பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"நெத்தியில இருக்கறது கணக்க ஒண்ணும் பண்ணாதுண்ணே, எத்தன தடவ சொல்றது?" என்று உள்ளேயிருந்து மேடம் குரல் கொடுத்தார்.

செங்கல்வராயன், "சுத்தமா பூட்ச்சா பாரு" என்று என் முகத்துக்கு நேரே நெற்றியை நீட்டினார். போய்விட்டது என்றேன். துண்டைக் குழாயிலேயே மாட்டிவிட்டு உள்ளே போனார். வெறும் பொட்டியைத் திறந்து, வெறும் நெற்றியோடு தலையை உள்ளே விட்டு, "இன்னா, கீறீங்களா?" என்றார்.