பக்ருன்னிசா தண்ணீர் கேட்டுப் போன வீடுகள்

உக்கடத்தில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் பக்ருன்னிசா குடியிருந்தார். பிரசவ விடுதி ஒன்றில் ஆயா வேலை. இங்கே எழுதுவதில் குழாயடியில் நடந்தது நான் நேரில் பார்த்தது. மற்றவை அவரும் அந்தந்த வீட்டுப் பெண்களும் தனித்தனியே சொல்லி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போனவை.

1993 கோடையில் எங்கள் பகுதியில் தவழும் குழந்தை ஒன்று, குளியலறையில் நிரப்பி வைத்திருந்த அண்டாவில் தலைகுப்புற விழுந்து இறந்தது. அந்தக் குழந்தை பிறந்தபோது கையில் வாங்கித் துடைத்தவர் பக்ருன்னிசா. அதன் பிறகு அவரால் எந்த வீட்டிலும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பேசிக்கொண்டே தரையைப் பார்ப்பார். அடுப்பில் இருக்கும் சட்டியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எழுந்து போய்த் திருப்பி வைப்பார்.

தடுப்பூசி போட வரும் தாய்மார்களிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லும்படி விடுதி நர்சம்மா அவரிடமே ஒப்படைத்தார். மண்ணெண்ணெயைக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வடித்த கஞ்சியைத் தரையில் வைக்காதீர்கள் என்று சொன்னார். முக்கியமாக, அண்டாவை விட்டுவிட்டு, பிள்ளையின் தலைக்கு மேலே விளிம்பு நிற்கும்படி உயரமான டிரம்மில் தண்ணீர் பிடியுங்கள் என்றார். அவர் சொன்னால் கேட்டார்கள். பழைய பிளாஸ்டிக் டிரம்கள் வீட்டுக்கு வீடு வந்தன.

அடுத்த ஆண்டு ஒரு நாள், முறை இல்லாத நேரத்தில், மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தே குடத்தோடு ஓடியது. பக்ருன்னிசாவுக்கு முன்னால் இஸ்மத் நின்றிருந்தாள். ஸ்டவ் ரிப்பேர் செய்யும் ரசாக்கின் மனைவி. அவள் இடுப்பில் பிள்ளை இல்லை.

"ரைஹான் எங்க அம்மணி?"

"தூங்கறானுங்க்கா. கதவச் சாத்திட்டுத்தான் வந்தேன்."

"எந்திரிச்சுட்டான்னா?"

"டிரம்மு அவனவிட ஒசரங்க்கா. நீங்கதான சொன்னீங்க."

பக்ருன்னிசா சரி என்று தலையாட்டினார். ஆனால் கால் நிற்கவில்லை. குடத்தை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். வரிசையில் இருந்த ஒருத்தி, "போனீங்கன்னா கொடத்தக் கடேசிக்குத் தள்ளிப்போடுவமுங்க" என்று சிரித்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவைத் தள்ளியதும் அவர் கண்டது ரைஹானின் கால்களை. ஸ்டூல் மேல் ஏறி, டிரம்மின் விளிம்பில் வயிறு அழுந்த, தண்ணீரில் மிதந்த பிளாஸ்டிக் கப்பை எட்டிக்கொண்டிருந்தான். கால்கள் ஸ்டூலை விட்டு மேலே எழும்பிவிட்டன. சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கப்பு கிடைக்கவில்லை என்று அவன் வீறிட்டு அழுதான். அந்த அழுகைச் சத்தம் கேட்டுத்தான் தனக்கு மூச்சே வந்தது என்று பிற்பாடு சொன்னார்.

ஸ்டூலைப் போட்டது மூத்தவள் ஹுமேரா. பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்துபோகிற பெண். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் அத்தா கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் கேட்பார். மொண்டு கொடுப்பது அவள் வேலை. அண்டாவாக இருந்தவரை குனிந்து மொண்டாள். டிரம் வந்த பிறகு எட்டவில்லை. ஏறி மொண்டாள். ஸ்டூல் அங்கேயே நின்றது.

கடையிலிருந்து ஓடி வந்த ரசாக், அம்மாவோடு குழாயடியிலிருந்து வந்து நின்ற மகளை அடிக்கக் கை ஓங்கினார். பக்ருன்னிசா நடுவில் போய் நின்றார்.

"புள்ளைய அடிக்காதீங்க தம்பி. ஒசரமா வைங்கன்னு சொன்னது நானு. எப்படி மொள்றதுன்னு நான் சொல்லவே இல்ல."

ரசாக்கின் கை இறங்கிவிட்டது. அன்று சாயங்காலமே டிரம்மின் அடிப்பக்கம் துளை போட்டுக் குழாய் பொருத்தினார். மூடியைச் சைக்கிள் ட்யூபால் இழுத்துக் கட்டினார்.

ஆனால் பக்ருன்னிசா டிரம் வாங்க வைத்த வீடு அது ஒன்றுதானா? மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போனார். இந்தத் தடவை எதையும் சொல்லவில்லை. தாகமாக இருக்கிறது, ஒரு போசித் தண்ணீர் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். யார் எழுந்து போகிறார்கள், எதன்மேல் ஏறி மொள்கிறார்கள் என்று பார்த்தார். ஒரு வீட்டில் செங்கல் அடுக்கியிருந்தது. ஒரு வீட்டில் மாவுத் தகரத்தைக் கவிழ்த்திருந்தார்கள். அதைக் கண்ட பிறகுதான் பேச்சை ஆரம்பித்தார்.

எல்லோரும் நல்ல முகம் காட்டவில்லை. "முந்தி டிரம்மு வாங்கச் சொன்னீங்க, இப்பக் கொழாய் வெக்கச் சொல்றீங்க. அடுத்தாப்புல கெணறு வெட்டச் சொல்லுவீங்களாட்ட இருக்குது" என்றாள் ஒருத்தி. அவர் கோபப்படவில்லை. ரசாக்கை எப்போது அனுப்பட்டும் என்று கேட்டார்.

கடைசியில் பூட்டிக் கிடந்த வீடு ஒன்று மிஞ்சியது. ரம்ஷாவின் வீடு. கணவனின் வியாபாரத்துக்காக அந்தியூர் போய்விட்டார்கள். சாமான்களோடு டிரம்மும் போயிருந்தது. அவர்கள் பையன் அஃபானுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அந்தப் பக்கம் போகும் லாரிக்காரர் ஒருவரிடம் பக்ருன்னிசா சொல்லியனுப்பினார். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்.

வாசலில் அவரைக் கண்டதும் ரம்ஷாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஊர்ல யாருக்கு என்ன ஆச்சுங்க்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல கண்ணு. பையன் எங்க?"

அஃபான் நடைக் கதவுக்குப் பின்னால் வெறும் சட்டையோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரம் முற்றத்தில் இருந்தது. அதில் வீட்டுச் சொந்தக்காரரின் எருமைக்குத் தவிடு கொட்டி வைத்திருந்தார்கள். பக்ருன்னிசா முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தவிடுதான். கையைத் தட்டிக்கொண்டு முதன்முறையாக உட்கார்ந்தார். ரம்ஷா சிரித்தபடி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தண்ணி குளுகுளுன்னு இருக்குதே. ஏது?"

"பின்னாடி கெணறு இருக்குதுங்க்கா. இங்க தண்ணிப் பஞ்சமே இல்லீங்க."

"சுத்துச் சொவுரு இருக்குதா?"

ரம்ஷா யோசித்தாள். அவள் பதில் சொல்லும் முன்பே பக்ருன்னிசா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அஃபானை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பின்கட்டை நோக்கி நடந்தார்.