சவுக்காரக் கையும் ரப்பர் பிடியும்

என் மனைவியை விழ வைக்கப் பார்த்தது வேறு யாருமில்லை, நான் பார்த்த கைவேலைதான்.

நமுனுகுல மலைக்குக் கீழே முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள் அவள். உச்சிக்கு ஒரு நாளும் போனதில்லை. "தெனம் மேல இருந்து என்னையப் பாக்குது. ஒரு தடவையாச்சும் அது தலையில நான் ஏறி நிக்கணுங்க" என்பாள். வேலையிலிருந்து நின்றதும் போவதென்று முடிவாயிற்று.

அவள் முழங்கால் வலிக்கு ஊன்றிக்கொள்ள ஒரு மலையேறும் கோல் கிடைத்தது. நான் வழிகாட்டிக் கூட்டிப்போன வெள்ளைக்காரர், ஜோடியில் ஒன்று உடைந்துபோக, மற்றதை என்னிடமே விட்டுப் போயிருந்தார். கைப்பிடிதான் ரொம்பத் தடிமன். அவள் விரல்களோ காலையில் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கூட மடங்காதவை. நான் சும்மா இருப்பேனா? பிடிமேல் இருந்த மெத்துப் பஞ்சைக் கத்தியால் சீவி மெலிதாக்கினேன். மணிக்கட்டில் மாட்டும் வாரைத் தொந்தரவென்று வெட்டி எறிந்தேன். பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கச் சுற்றினேன். எங்கள் லயத்து வீட்டு வாசலில் நடந்து பார்த்தாள். பிடி கச்சிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காட்டுக்குள் நுழையுமுன் அட்டை ஏறாமலிருக்க இருவரும் கைகால் முழுக்கச் சவுக்காரக் கட்டியை நனைத்துத் தேய்த்துக்கொண்டோம். தோட்டத்தில் பிறந்த கைகள் யோசிக்காமல் செய்கிற காரியம் அது. பாதி மலையில் தூறல் பிடித்தது.

ஒற்றையடிப் பாதை பள்ளத்தை ஒட்டித் திரும்பும் இடம். முன்னால் போன எனக்கு "ஐயோ" என்ற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பினேன். கோல் பள்ளத்துச் சரிவில் உருண்டு ஒரு புதரில் சிக்கிக் கிடக்கிறது. அவளைக் காணோம்.

ஓடிவந்து எட்டிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே, ஒரு வேரைப் பிடித்தபடி சரிவில் கிடக்கிறாள். மடங்காத விரல்கள் என்றேனே, அதே விரல்கள்தான் வேரைச் சுற்றி இறுகியிருந்தன. இழுத்து மேலே போட்ட பிறகும் என் கைகால் உதறல் நிற்கவில்லை. அவள்தான் என்னைப் பார்த்து, "நான் விழுந்ததுக்கு நீங்க ஏன் நடுங்குறீங்க?" என்றாள்.

புதரிலிருந்து கோலை எடுத்துத் தொட்டபோதுதான் விளங்கியது. ஈரச் சவுக்காரம் பட்ட ரப்பர் விலாங்கு மீனாக வழுக்கியது. நழுவினால் பிடித்து நிறுத்த வாரும் இல்லை.

"வீட்டுக்குப் போவோம் புள்ள. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"அடிக்கிறத அப்பறம் அடிச்சுக்கலாம். கத்தியக் குடுங்க."

டியூபை வெட்டிக் களைந்தாள். தலையில் கட்டியிருந்த பருத்தித் துண்டை நீளமாகக் கிழித்து, பிடியில் நெருக்கமாகச் சுற்றினாள். "துணின்னா ஈரத்தக் குடிக்கும். முப்பது வருஷம் மழையில கொழுந்துக்கூடை சுமந்தவ கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

மீதித் துணியில் மணிக்கட்டுக்கு ஒரு வளையம் முடிந்து, கையை நுழைத்து, கோலைத் தரையில் இரண்டு தரம் குத்திப் பார்த்தாள்.

"இப்ப நீங்க பின்னால வாங்க" என்று சொல்லி, உச்சியைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.