ஞாயிற்றுக்கிழமைப் பால்

என் மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது அவளை வீட்டில் விட்டுவிட்டு, குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கிறேன் என்று சேலத்துக்குத் திரும்பி வந்தேன். எழுதிப் பார்த்தால் கேலியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். குழந்தைகள் நல மருத்துவத்தில் மேற்படிப்பு, இரண்டாம் வருடம். கொடுத்த விடுப்பும் தீர்ந்தது, கெஞ்சி வாங்கிய விடுப்பும் தீர்ந்தது. இன்னும் நீட்டினால் படிப்பு தள்ளிப்போகும் என்றார்கள். வீடு நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில், என் கணவரின் முட்டைக்கோழிப் பண்ணையை ஒட்டி இருக்கிறது. இரண்டு பஸ் மாறினால் இரண்டரை மணி நேரம். தூரம் என்று சொல்ல முடியாது. தினமும் போய்வரவும் முடியாது, ஏனென்றால் எங்கள் டூட்டிக்குத் தொடக்கம் உண்டு, முடிவுதான் கிடையாது.

"பெத்த புள்ளைய உட்டுப்போட்டு அடுத்தவங்க புள்ளைக்கு வைத்தியமா" என்று உறவில் ஒருவர் கேட்டாராம். என் கணவர் அதை என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார். அந்த உறவினர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் காரணம்.

திரும்பி வந்த முதல் வாரம், வார்டில் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னலோரப் படுக்கையில் ஒரு கைக்குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது. அதன் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எனக்கு நெஞ்சு கனத்து, குத்தி, பால் இறங்கிவிட்டது. கோட்டுக்குள் சுடிதார் நனைவது தெரிந்தது. கேஸ் ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ரொம்ப அக்கறையான மாணவி மாதிரி நின்றேன். எங்கள் பேராசிரியைக்கு என்ன தோன்றியதோ, சுரந்த பால் வெளியே வருவதற்கு எந்த ஹார்மோன் காரணம், எதெல்லாம் அதைத் தூண்டும் என்று என்னைத்தான் கேட்டார். தடுமாறாமல் சொன்னேன். குழந்தை சப்ப வேண்டும் என்றுகூட இல்லை, தாய் தன் குழந்தையின் குரலைக் கேட்டாலே போதும், நினைத்தாலே போதும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். யாருடைய குழந்தை என்று உடம்பு விசாரிப்பதில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் இல்லாததைச் சொல்லி எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். பால் வற்றிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்குப் போக முடியும். அந்த ஒரு நாள் அவள் என்னிடம் பால் குடித்துவிட்டால் என்னை மறக்கமாட்டாள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் கிடையாது. வேறு ஒரு தாய் என்னிடம் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் பொறுமையாகத் திருத்தியிருப்பேன். என்னைத் திருத்த ஆள் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டூட்டி அறையின் குளியலறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். பீய்ச்சாமல் விட்டால் சுரப்பு நின்றுவிடும். சேர்த்துவைக்கவும் பார்த்தேன். விடுதி ஃபிரிட்ஜில் வைத்தால் பக்கத்து அறைக்காரி டீ போட்டுவிடுவாள் என்று பயம். ஒரு வாரம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். ராசிபுரம் வரும்போதே ஐஸ் தண்ணீராகிவிட்டது.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்த ஒரு சிஸ்டர்தான் என்னைப் பிடித்தார். குளியலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தவளைப் பார்த்து, "எத்தன நாளா கொட்டறீங்க மேடம்?" என்று கேட்டார். ஒரு மாதமாக என்றேன். அவர் திட்டவில்லை. "உள்ள ஒரு கிலோ கூட இல்லாத புள்ளைங்க படுத்திருக்குதுங்க. அவங்க அம்மாமாருக்குப் பால் ஊறல. நீங்க சாக்கடையில ஊத்தறீங்க" என்று மட்டும் சொன்னார். தாய்ப்பால் வங்கி என்ற பலகையைத் தாண்டித்தான் தினமும் நடந்துகொண்டிருந்தேன். மற்ற தாய்மார்களிடம் கொடுக்கச் சொல்லி எடுத்துச் சொன்னதும் நானேதான். என் பாலும் பால்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரத்தம் கொடுத்துப் பரிசோதனை முடிந்ததும் அங்கே கொடுக்க ஆரம்பித்தேன்.

பல பேர் கொடுப்பதையும் ஒன்றாகச் சேர்த்து, காய்ச்சி, பிறகுதான் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். யாருடைய பால் எந்தக் குழந்தைக்குப் போகிறது என்று தெரியாது. இருந்தாலும் மூக்கு வழியே விட்ட குழாயில் இரண்டு மில்லி இறங்குவதைப் பார்த்தபடி நிற்பேன். என் மகளுக்கு அது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அந்தக் குழந்தைகளின் மேல் எனக்குப் பிரியமும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

வாரநாட்களில் வீடியோவில் பார்ப்பேன். என் மாமியாருக்கு மூட்டு வலி, அதனால் குழந்தை பெரும்பாலும் என் கணவரின் தோளில்தான். தீவனம் போடும்போதும் தோளில், முட்டை பொறுக்கும்போதும் தோளில். பின்னால் ஆயிரக்கணக்கான கோழிகள் கத்தும், இவள் நிம்மதியாகத் தூங்குவாள். முதல் மாதம் என் குரல் கேட்டதும் போனைப் பிடுங்கி நக்கினாள். இரண்டாம் மாதம் போனைத் திருப்பி அதன் முதுகில் என்னைத் தேடினாள். அதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனதும் தாவி வருவாள், குடிப்பாள், குடித்துக்கொண்டே கண்ணை உயர்த்தி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடியது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வார்டு முழுக்கக் காய்ச்சல் குழந்தைகள். விடுப்பு யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ஞாயிறு போக முடியவில்லை. மேல்மூச்சு வாங்கும் குழந்தைகளை விட்டுவிட்டுப் பீய்ச்சப் போக முடியாது. நேரம் தவறியது, பால் குறைந்தது. பயந்துபோய் விடுதிக் கேண்டீனில் பூண்டுக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்காம் ஞாயிறு, விடிந்ததும் இரவு டூட்டி முடித்து, குளித்து, கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன். அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. நாமக்கல்லில் மாறி, பண்ணை வாசலில் இறங்கியபோது என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. முகத்தை அவர் கழுத்தில் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள்.

"அம்மா சாமி, அம்மா வந்திருக்குது பாரு" என்று அவர் முதுகைத் தட்டினார். எனக்குச் சமாதானம் சொல்ல நினைத்தவர், "நீ ஒண்ணும் நெனச்சுக்காத புள்ள. இப்பெல்லாம் ஒரம்பரைக ஆரு வந்தாலும் இப்படித்தான் அழுவறா" என்றார். விருந்தாளிகளோடு என்னையும் சேர்த்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

நான் சொன்னேன், "பயப்பட ஒண்ணுமில்லைங்க. இந்த வயசுல புது ஆளப் பார்த்தா அழோணும். அழுதாத்தான் மூள வளர்ச்சி சரியா இருக்குதுன்னு அர்த்தம்." வார்டில் தாய்மார்களிடம் பேசும் அதே குரல். அவர்களிடம் பல தடவை சொன்ன அதே வாக்கியம். கோட்டு போட்ட என்னைப் பார்த்து அவர்கள் குழந்தைகள் கத்தும்போது, சிரித்துக்கொண்டே சொல்வேன். அன்றைக்கும் சிரித்தபடிதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். புது ஆள் என்ற வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

உள்ளே தூக்கிக்கொண்டு போய் மடியில் போட்டுப் பார்த்தேன். உடம்பை வில்லாக வளைத்தாள். என் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளினாள். ஒன்பது மாதக் குழந்தைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே அவர் நிற்கும் நிழல் தெரிந்தது. தூக்கிப் போய்க் கொடுத்தேன். அவர் தோளில் விழுந்ததும் அழுகை நின்றது. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மத்தியானம் வேறு வழி தெரியாமல், மிரளும் குழந்தையிடம் எப்படிப் போக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். நேராகக் கண்ணைப் பார்க்கக் கூடாது. உயரத்தில் நிற்கக் கூடாது. பழகியவர் மடியிலேயே குழந்தை இருக்கட்டும். தரையில் ஒரு முட்டை அட்டையை வைத்து, அதன் குழிகளில் சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாக அடுக்கினேன், வேறு வேலையே இல்லாதவள் மாதிரி. பெற்ற மகளை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் அவர் மடியிலிருந்து இறங்கினாள். தவழ்ந்து வந்தாள். ஒரு வெங்காயத்தை எடுத்து வேறு குழியில் வைத்தாள். எட்டினால் தொட்டுவிடும் தூரம். அவள் தலையில் கோழித் தீவன வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் அடித்தது. தூக்கி முகத்தோடு அழுத்திக்கொள்ள வேண்டும் என்று கை பரபரத்தது. தொடவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் அவர். நான் எழுந்ததும், "இன்னைக்கு இருந்துட்டுப் போயேன்" என்றார்.

"நாளைக்கு வெள்ளென டூட்டிங்க."

பண்ணை வாசலில் கையைக் காட்டினால் நாமக்கல் பஸ் நிற்கும். நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே அவர் அவளைத் தூக்கிப் பிடித்து, "அம்மாக்கு டாட்டா சொல்லு சாமி" என்றார். அவள் கையைத் தூக்கினாள். ஐந்து விரலையும் விரித்து, மடக்கி, விரித்து, கீழே முளைத்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"முட்ட லாரி கெளம்பறப்பெல்லாம் சொல்லிக் குடுத்தேன்" என்று அவர் பெருமையாகக் கத்தினார். "ஒரே வாரத்துல கத்துக்கிட்டா."

அன்று முழுவதும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு முறைதான். நானும் கையை ஆட்டினேன். பஸ் நகர்ந்தது. அவள் விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். இறங்கிவிட வேண்டும் என்று எழுந்து நின்றேன்.

"எங்கீங்க?" என்று நடத்துனர் கேட்டார்.

நாமக்கல் என்று சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.