பன்னிரண்டு மாதச் சரக்கு

எங்கள் வீட்டில் வாங்கின அரிசியை வாங்கின உடனே சாப்பிட்டது கிடையாது. புது மூட்டை வந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். அங்கே ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கிற பழைய மூட்டைதான் உலைக்கு வரும். புது மூட்டையின் முறை வருவதற்குள் அதிலும் வண்டு வைத்திருக்கும். புடைத்து, பொறுக்கி, மூன்று தண்ணீர் களைந்து வடித்தாலும் சோற்றில் வேப்பிலைக் கசப்பு லேசாகத் தங்கியிருக்கும். என் கணவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். "மருந்துன்னு நெனச்சித் துன்னு" என்பார்.

நாங்கள் இருப்பது கோலார் தங்கவயலில், நந்திதுர்க் பக்கம், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, சமைக்க ஒரு சந்து. இதற்குள்தான் அரிசி, கேழ்வரகு, விளக்கெண்ணெய் தடவிய துவரம்பருப்பு, உப்புப் போட்டு அடைத்த புளி, எண்ணெய் டின், மிளகாய், வெல்லம், சோப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி எல்லாம். குழாயில் தண்ணீர் வருகிற நாள் நிச்சயமில்லை என்பதால் நான்கு டிரம் தண்ணீர் தனி. மனிதர்கள் இரண்டு பேர் மீதி இருக்கிற இடத்தில் இருந்துகொள்ளவேண்டியதுதான்.

அவர் சுரங்கத்தில் டிம்பர்மேன். கீழே பாறை சரியாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. சுரங்கம் போய் இத்தனை வருஷமாகியும் வீட்டுக்குள் அதை நடத்திக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் ஆழத்தைச் சொல்கிற கணக்கில், முன்னறைக் கட்டிலுக்கு அடியில் டென் லெவல். பின்னறைப் பலகைக்கு அடியில் ட்வென்டி லெவல். சோப்பு எங்கே என்று கேட்டால், "ட்வென்டி லெவல்ல, சொவத்தோரம் பாரு" என்பார். "கேஜ வரச் சொல்லுங்க, எறங்கிப் பாக்கறேன்" என்பேன் நான், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டைச் சொல்லி. மூச்சு நன்றாக இருக்கிற நாளாக இருந்தால் சிரிப்பார்.

அவருக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ரொம்ப நாளாகப் பேச்சு இருந்தது. பேச்சாகவே இருந்ததால் யாரும் நம்பவில்லை. நிஜமாகவே மூடினபோது எங்கள் வீட்டில் நான்கு நாள் அரிசி இருந்தது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காலையிலும் களி, ராத்திரியும் களி. ஒரு நாள் மகள், அப்போது சின்னப் பிள்ளை, தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவர் திரும்பி வந்தபோது இருந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும்.

அப்புறம் ரயிலேறி பெங்களூர் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். மகளைக் கரையேற்றி ஓசூரில் கொடுத்தோம். அதற்குள் சுரங்கத் தூசு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. அவர் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தார், அதே ரயிலில் நான் ஏறினேன்.

ஒயிட்ஃபீல்டில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். விடிவதற்கு முன் எழுந்து சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடவேண்டும். உட்கார இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அங்கே போய் நாள் முழுக்கத் துடைத்து, கழுவி, மறுபடி நின்றுகொண்டே வந்து இறங்கினால் ஊர் இருட்டிக் கிடக்கும். இப்படி ஒன்பது வருஷம். முழங்கால் போனது ஆறாவது வருஷத்தில். மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குவேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

"நின்னுடட்டுமாங்க?" என்று அவரிடம் அப்போது கேட்டேன்.

அவர் யோசித்துத்தான் சொன்னார். "பன்னண்டு மாசத்துக்கு வூட்டுல சரக்கு சேரட்டும். ஒரு வருஷம் கடைக்கே போவ வேணாம்னு ஆவட்டும். அன்னிக்கே நீ ஒக்காந்துடு."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எப்போது என்று தெரியாமல் உழைப்பதற்கு, இதுவரை என்று ஒரு கோடு இருந்தால் தேவலை அல்லவா? சரி என்றேன். சேர்க்கிற வீடு சாப்பிடவும் செய்யும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ஏழு மாதச் சரக்கு சேரும், யாருக்காவது உடம்புக்கு வரும், ஐந்தாகும். ஒன்பது சேர்ந்திருந்த சமயத்தில் ஊரடங்கு வந்து ரயிலை நிறுத்தினார்கள். எங்கள் லைனில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர் மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு வீட்டுக்கும் படியால் அளந்து கொடுத்தார். அந்த நாட்களில் அவர் நடையே வேறாக இருந்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் எல்லாம் முடிந்து ரயில் ஓட ஆரம்பித்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு மாதத்துக்குத்தான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை உண்டு. எதையும் மேலே வைக்க விடமாட்டார். சுவரில் சிமெண்ட் ஸ்லாபு இரண்டு காலியாகக் கிடக்கும். சாமான் எல்லாம் தரையில். கோலாரில் பழைய ஆட்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். சுரங்கம் ஓடின காலத்தில் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். மேலே வைத்த பானை தலையில் விழும். ஒரு தடவை அவருடைய அம்மாவின் தோளில் உரலளவு ஜாடி விழுந்து கை தூக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டது. அதனால் எங்கள் ஆட்களுக்குத் தரைதான் நம்பிக்கை. "சொரங்கமே இல்ல, இப்ப இன்னா வெடிக்கப்போவுது?" என்பேன். "உள்ள தண்ணி ரொம்பிக் கெடக்குது. எப்ப வேணா அதிரும்" என்பார். எப்போதாவது ஒரு நாள் ஜன்னல் லேசாக அதிரும். அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

போன வருஷம் மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து குனிந்தும் தவழ்ந்தும் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சேந்தாச்சி" என்றார். "பன்னண்டு மாசத்துக்கு கீது. இந்த மாசத்தோட நின்னுடு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நானும் முழங்கால் வலியோடு குனிந்து பார்த்தேன். சுவர் வரைக்கும் மூட்டை. எழுந்திருக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி வெளியே போய்விட்டார்.

மறுநாளே சூப்பர்வைசரிடம் சொன்னேன். என் மகளைவிடச் சின்ன வயது, கன்னடக்காரப் பையன், மரியாதை தெரிந்தவர். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரயிலில் என்னோடு வருகிற பெண்கள், "இனிமே மகாராணிதான்" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று இருந்தேன். அடுத்த பத்து நாளும் எனக்கு நிற்கிற வலிகூடத் தெரியவில்லை. எண்ணிவைத்த நாள்கள் அல்லவா.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் வேலை இடத்திலிருந்து போன் செய்தேன், எடுக்கவில்லை. வந்து இறங்கி, தெருவுக்குள் திரும்பும்போதே காலில் நறநறவென்று மணல். எங்கள் லைனுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. தங்கம் எடுத்தபின் கழித்த கல்தூளைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேடு. மழையில் அது கரைந்து சாம்பல் கலர் தண்ணீராக இறங்கி வீடுகளுக்குள் புகுந்திருந்தது. நான் வந்தபோது வடிந்துவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கோடு மட்டும் இருந்தது.

அவர் கட்டில்மேல் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு மூட்டை.

"ரெண்டத்தான் தூக்க முடிஞ்சிது" என்றார். "அப்பறம் மூச்சு வரல."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன். "ஸ்லாபுல வச்சிருந்தா இது நடக்குமா?"

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "அதிர்ந்தா?" என்று கேட்டார். நான் துடைப்பத்தை எடுத்தேன். நாள் முழுக்க ஊரான் கட்டடத்தைத் துடைத்துவிட்டு வந்து, வீட்டையும் துடைத்தேன்.

மறுநாள் லீவு போட்டேன். அவர் முற்றத்தில் குத்தவைத்து அரிசியை அண்டாவில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், ஐந்து தண்ணீர். சாம்பல் போகவே இல்லை.

"காய வச்சா சரியாப் பூடும்" என்றார்.

"அந்த மண்ணுல இன்னா கீதுன்னு எனக்கா தெரியும், உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, துன்னலாமா?"

அண்டாவிலிருந்து கையை எடுத்து உதறினார். பிறகு அவரே எழுந்து மூட்டையின் ஒரு காதைப் பிடித்தார். மறு காதை நான் பிடித்தேன். மூட்டை மூட்டையாக இழுத்துப்போய் சாக்கடை ஓரம் கொட்டினோம். வழியில் அவருக்காக நான்கு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. பருப்பு, மாவு, மிளகாய், புளி எல்லாம் போயிற்று. மிஞ்சியது எண்ணெய் டின், சோப்பு, கட்டில்மேல் ஏறிய இரண்டு மூட்டை.

சாயங்காலம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த சூப்பர்வைசர ஒரு தடவ கேட்டுப் பாரேன். இன்னும் ஒரு வருஷம் மட்டும்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்மேல் வைக்க முடியாது. மழைமேல் வைத்து என்ன பயன்? இன்னும் ஒரு வருஷம் முடிந்தால் இன்னும் ஒரு வருஷம் இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் கேட்டேன். மறுநாள் வேலை முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, வீட்டு நிலைமையைச் சொல்லி, தொடர்ந்து வரட்டுமா என்று கேட்டேன். புதிதாக ஓர் ஆளைப் பேசிவிட்டதாகச் சொல்லியிருந்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

"அதுக்கென்னம்மா, நீவே இரி" என்றார். நீங்களே இருங்கள் என்று. "அவங்கள வேற பில்டிங்குக்கு அனுப்பிக்கறேன்."

கும்பிட்டுவிட்டு வந்தேன். ரயிலில் அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் 'சரின்னுட்டாரு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"இன்னா சொன்னாரு?"

"வேற ஆள் போட்டுட்டாங்களாம்" என்றேன்.

அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. வந்தபிறகு திருப்பி எடுக்கவும் மனசு வரவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒம்போது வருஷம் வேல வாங்கிக்கினு எப்டி மனசு வந்துச்சி அந்த ஆளுக்கு?" என்றார். நான் முகம் கழுவப் போய்விட்டேன். காலையில் தண்ணீர்க் குழாயடியில் நின்று சூப்பர்வைசருக்குப் போன் செய்து, உடம்பு முடியவில்லை, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தப் பிள்ளை.

இப்போது ரேஷன் அரிசி, அவருடைய சொற்பப் பென்ஷன், மகள் எப்போதாவது அனுப்புகிற பை. இதில்தான் ஓடுகிறது. கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. பயமாக இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் பகலில் படுத்தால் தூக்கம் வருகிறது. என் கால்கள் என்னுடையவை என்று ஞாபகம் வருகிறது. அவர் மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சூப்பர்வைசரைத் திட்டுவார். ஈவு இரக்கமில்லாதவன், ஏழை வயித்துல அடிச்சவன், நல்லா இருப்பானா என்பார். நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து போய்விடுவேன். ஒரு நல்ல பிள்ளைக்கு என்னால் இத்தனை வசவு.

போன மாதம் ரயில் கூட்டாளி ஒருத்தி எங்களைப் பார்க்க வந்தாள். அவளும் அதே கட்டடத்தில்தான் வேலை. டீ குடித்துக்கொண்டே, "அக்கா, சூப்பர்வைசர் உங்கள ரொம்ப விசாரிச்சாரு" என்றாள். "நானே இருக்கச் சொன்னேன், அவங்கதான் வேணாம்னுட்டாங்க, கால் எப்டி கீதுன்னு கேட்டாரு. எப்ப வந்தாலும் எடம் கீதாம்."

அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர். என்னைப் பார்க்கவில்லை. டீயைக் கடைசிவரை குடித்தார்.

அவள் போனபிறகு கேட்பார் என்று அடுப்படியிலேயே நின்றிருந்தேன். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் வந்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "நீ போய்ப் படு" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சூப்பர்வைசரை அவர் திட்டுவதில்லை.