நிற்காமல் போன வண்டி

இளங்கோவன் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர். வயது நாற்பத்தாறு. முசரவாக்கத்தில் வீடு. சபைக் கமிட்டியிலும் இருந்தார். மனைவி ஜோதிகா ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று இருவரும் சேர்ந்துதான் வாசலில் ஸ்டார் கட்டினார்கள்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தூறல். திருப்புட்குழி வளைவில் திரும்பும்போது வண்டியின் இடதுபக்கம் எதிலோ இடித்தது. கண்ணாடியில் பார்த்தார். சேற்றில் ஒரு சைக்கிள் கிடந்தது, பக்கத்தில் ஒரு ஆள். அந்த ஆள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. எழுந்துவிட்டார், ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிக்கொண்டு இளங்கோவன் போய்விட்டார்.

பக்கவாட்டில் விழுந்த கீறலைப் பார்த்து ஜோதிகா கேட்டபோது, மரக்கிளை பட்டது என்றார். மறுநாளிலிருந்து திருப்புட்குழிப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தார். யாராவது கட்டுப்போட்ட கையோடு நடந்தால் வண்டியை மெதுவாக்கி முகத்தைப் பார்த்தார்.

இரண்டாம் ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் முறை அவருடையது. மனந்திரும்புதலைப் பற்றிய பகுதி. நாலு வரி வாசித்தவர் ஐந்தாவது வரியில் நின்றுவிட்டார். இருமல் வந்ததுபோல் இருமி, புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் ஜோதிகா கதவைச் சாத்தினாள்.

"இன்னா ஆச்சு? ஒரு வாரமா நானும் பாத்துக்கினுதான் இருக்கிறேன்."

சொன்னார். ஜோதிகா ஜன்னலையும் சாத்தினாள். பிறகு, "அந்த மனுஷன் உசுரோட இருக்காரா இல்லியான்னு கூட உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் அவரைத் திருப்புட்குழி டீக்கடைக்குத் தள்ளியது. கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அடிபட்டவர் தணிகாசலம், பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தங்கச்சியைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஆகி, தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

அதன்பின் மூன்று நாள் அந்தத் தெருவுக்குப் போனார். முதல் நாள் வீட்டைத் தாண்டிப் போனார். இரண்டாம் நாள் எதிர்வீட்டில் வழி கேட்பதுபோல் நின்றுவிட்டுத் திரும்பினார். மூன்றாம் நாள்தான் உள்ளே போனார்.

பின்கட்டில் கொதிக்கும் அண்டாவில், கோலில் மாட்டிய நூலைத் தணிகாசலத்தின் மனைவி கிருஷ்ணம்மாள் தனியாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இளங்கோவன் நின்றபடியே சொல்லி முடித்தார். "கிறிஸ்மஸ் வருதுங்க. மனசு ஒரு நிலையில இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

"உன் பண்டிகைக்கு உன் மனசு சுத்தமாவணும். அதுக்கு எங்க வூட்டுக்கு வந்தியா?" என்றாள் கிருஷ்ணம்மாள், அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தணிகாசலம் கோபப்படவில்லை. "உன் வண்டியில பிரேக் லைட் எரிஞ்சுதுப்பா. சேத்துல கெடந்துக்கினு அதைத்தான் பாத்தேன். நீ நிறுத்திடுவேன்னு நெனச்சேன். அப்புறம் அணைஞ்சிடுச்சு."

பிரேக்கில் கால் வைத்ததை இளங்கோவன் ஜோதிகாவிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"எங்க கிட்ட அழுதா ஆச்சா? ஸ்டேஷன்ல போயி சொல்லு. எவனோ இடிச்சுட்டுப் பூட்டான்னுதான் அங்க எழுதி வெச்சிருக்குது" என்றாள் கிருஷ்ணம்மாள்.

இளங்கோவன் உடனே போகவில்லை. லைசென்ஸ் போகும், வண்டி போகும், பண்டிகை கழியட்டும் என்று நாலாம் ஞாயிறு வரை தள்ளினார். அன்று ஆராதனையில் எல்லோரும் பாடியபோது அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டாமலே வண்டிவரை நடந்தார். திங்கட்கிழமை காலை ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார் எழுத்தர்.

"இல்ல சார்."

"அப்புறம் ஏன்யா வந்த?"

"நான் பாத்தேன் சார்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்து ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி எடுத்து எழுதினார். கேஸுக்காக வண்டி அங்கேயே நின்றது.

கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனைக்கு நடந்து போனார்கள். வண்டி எங்கே என்று கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. கமிட்டியில் ஒருவர், "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே, சபைக்கும் கெட்ட பேரு" என்றார். ஆயர் பிரேம்நாத் மட்டும் அவர் கையைப் பிடித்தார். திருவிருந்தின் அப்பத்தை வாங்கும்போதும் இளங்கோவன் தலையை நிமிர்த்தவில்லை. சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை.

பிரியாணியை மூடி வைத்துவிட்டு மத்தியானம் பிள்ளையார்பாளையம் போனார். கேக் கொண்டு போகலாமா என்று ஜோதிகா கேட்டாள். வேண்டாம் என்றார். அங்கே அது வேலை நாள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

"எழுதிக் குடுத்துட்டேம்மா. வேற இன்னா செய்யணும்?"

கிருஷ்ணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோலின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினாள். "புடி. பேசாத."

நூலை அவர் கோணலாகத் திருப்பினார். "அப்படி இல்லப்பா, ரெண்டு பேரும் ஒண்ணாத் தூக்கணும்" என்றார் தணிகாசலம் ஸ்டூலிலிருந்து.

வண்டி இல்லாத அந்த நாட்களில் தினமும் காலையில் அங்கே கோல் பிடிக்கப் போனார். கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. லைசென்ஸ் சில மாதம் முடக்கப்பட்டது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் மறுபடி எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. மாசியில் ஒருநாள் தணிகாசலம் தானே கோலைப் பிடித்து நின்றார். "கை வந்துடுச்சு. நாளையிலேருந்து நீ வர வேணாம்பா" என்றார். குரலில் சந்தோஷமா, கசப்பா என்று இளங்கோவனுக்குப் பிடிபடவில்லை. தலையாட்டினார். வெளியே வந்து, பஸ் ஏறத் தோன்றாமல், முசரவாக்கம்வரை நடந்தே போனார்.