பௌர்ணமிக்குப் போட்டுவைத்த கையெழுத்துகள்

எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காது கேட்கும் திறனைச் சோதிப்பவர்கள், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் எல்லோரும் அதில் உண்டு. போன வருடம் முழுக்க அதில் வந்ததெல்லாம் 'அப்டேட்'தான். எங்களுக்குத் தொழில் உரிமம் தரும் பழைய கவுன்சிலில் இருக்கும் பதிவு புதிய ஆணையத்துக்கு மாறுமா, மாறினால் பழைய எண் செல்லுமா, புதுப்பிக்க எத்தனை வகுப்புகளில் போய் உட்கார்ந்த சான்று வேண்டும், அதை எந்த அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும். திங்கட்கிழமை வந்த செய்தியை வியாழக்கிழமை வந்த செய்தி பொய்யாக்கும். யார் சொல்வது சரி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களுக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை.

அந்தக் குழுவில் பெரிய வாய் எனக்குத்தான். படித்துப் பட்டம் வாங்கிய நாங்கள் சான்றிதழைச் சுமந்துகொண்டு அலைகிறோம், பத்து நாள் பயிற்சி எடுத்தவன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு காது மெஷின் விற்கிறான், அவனை எந்தச் சுற்றறிக்கை கேள்வி கேட்டது என்று நீளநீளமாக எழுதுவேன். அனுப்பியவுடன் கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழும். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

அப்படியொரு நாள் காலையில் என் கிளினிக்கில் உட்கார்ந்து பதிவு புதுப்பிக்கும் படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம், மெடிக்கல் கடைக்கு மேலே என் கிளினிக். ஒரு முன்னறை, உள்ளே சத்தம் புகாத ஒரு சின்னக் கண்ணாடி அறை, அவ்வளவுதான். படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி. என் பதிவு எண்ணையோ கையெழுத்தையோ வேறு எவரும் பயன்படுத்த நான் எக்காலத்திலும் அனுமதித்ததில்லை என்று அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டம். டிக் வைத்தேன். யோசிக்கக்கூட இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் தன் அப்பாவோடு படியேறி வந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு நெல்லும் மணிலாக் கடலையும் பயிர். பெண் பட்டம் படித்து, காது கேளாதவர்களுக்கான இட ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மருத்துவக் குழு அதைக் கொடுக்க மறுத்துவிட்டது. புதிதாக ஒரு சோதனை செய்து ரிப்போர்ட் கொண்டு வா, பார்க்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் மகளைப் பார்த்துவிட்டு, "நடிக்கறான்னு சொல்றாங்க டாக்டரம்மா" என்றார். சொன்ன விதத்தில் அவருக்கே அந்தச் சந்தேகம் இருப்பது தெரிந்தது. அந்தப் பெண் நிமிரவில்லை. அது அவளுக்குக் கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை, அவர் அவளுடைய இடது பக்கம் நின்றிருந்தார்.

கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினேன். வலது காதில் சிறு வயதிலிருந்தே சீழ் வடிந்து, கேட்கும் திறன் பாதிக்குமேல் போயிருந்தது. இடது காதில் ஒன்றுமே இல்லை. ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து படுத்தவளுக்கு எழுந்தபோது அந்தக் காது போயிருந்தது. அந்த நோய் அப்படிச் செய்யும்.

இந்த மாதிரிக் காதைச் சோதிப்பதில் ஒரு கண்ணி உண்டு. செத்த காதுக்குள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அது மண்டையோட்டு வழியாக மறுபக்கக் காதுக்குப் போய்விடும். சோதிக்கப்படுகிறவர் சத்தம் கேட்டது என்று பட்டனை அழுத்துவார். அவர் பொய் சொல்லவில்லை, கேட்கத்தான் கேட்டது, கேட்ட காதுதான் வேறு. அதனால் ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சலைப் போட்டு அதை மறைத்துவைக்க வேண்டும். கல்லூரியில் மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுப்பது இதுதான். இதைச் செய்யாமல் விட்டால் செத்த காதும் பாதி உயிரோடு இருப்பதாக ரிப்போர்ட் வரும்.

வெளியே வந்து, மருத்துவக் குழு எதை வைத்து நடிப்பு என்றது என்று கேட்டேன். அந்தப் பெண் பையிலிருந்து மூன்று வருடப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். திருவண்ணாமலைக் கடைவீதியில் ஒரு காது மெஷின் கடையில் எடுத்தது. அதில் வரைந்திருந்த கோட்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரைச்சல் போடவே இல்லை. இடது காது பாதி கேட்கிறது என்று அதில் கிடந்தது. அதை நம்பி இடது காதுக்கு மெஷினும் விற்றிருக்கிறார்கள், பயனில்லாமல் அவள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டாள். மூன்று வருடம் முன்பு கேட்ட காது இப்போது அடியோடு கேட்கவில்லை என்றால், வேலைக்காக நடிக்கிறாள் என்று எந்த மருத்துவருக்கும் தோன்றத்தான் செய்யும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படி ஒரு ரிப்போர்ட்டை எழுதினவன் கையை ஒடிக்க வேண்டும் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். எந்த மடையன் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று தாளின் அடியைப் பார்த்தேன்.

அங்கே என் பெயர் இருந்தது. என் பதிவு எண், என் ரப்பர் ஸ்டாம்ப். கையெழுத்தும் போலி இல்லை. என் கையெழுத்தேதான்.

சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்தக் கடையில். போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பௌர்ணமி அன்று மட்டும் வர முடியாது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து கடைக்கு நடந்து வருவதற்குள் பாதி நாள் போய்விடும். கடைக்காரருக்கோ அன்றுதான் வியாபாரம். எங்கெங்கிருந்தோ மலை சுற்ற வந்தவர்கள் வந்த கையோடு காதையும் பார்த்துக்கொண்டு போவார்கள். அதனால் அவர் ஒரு வழி சொன்னார். வெறும் ரிப்போர்ட் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள், சோதனையைக் கடைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரு கட்டுத் தாளில் போட்டேன். தீரும்போது இன்னொரு கட்டு. அவ்வளவு தாளிலும் கையெழுத்துப் போடும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது, கை வலிக்கிறதே என்று.

ஆறு வருடம் முன்பு அந்த வேலையை விட்டேன். மீதித் தாள்களைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. கேட்டால் முகம் கோணும், எனக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதனால் கேட்கவில்லை. அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில் உட்கார்ந்து போலிகளைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

அது என் கையெழுத்து என்று அன்று அவர்களிடம் சொல்லவில்லை. நாளைக்கு வாருங்கள், மருத்துவக் குழுவுக்குக் கடிதத்தோடு ரிப்போர்ட் தருகிறேன் என்று அனுப்பிவிட்டு, அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைக் கண்டதும் டீ சொன்னார். ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துக் கத்தினேன். அவர் குரல் உயரவே இல்லை.

"மேடம், நான் உங்க கையெழுத்த போட்டுக்கலயே. நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க" என்றார்.

அன்றைக்கு அவளைச் சோதித்தது யார் என்று கேட்டேன். ஞாபகமில்லை, பசங்க வருவாங்க போவாங்க என்றார். மிச்சத் தாள்களைக் கேட்டதற்கு டிராயரைத் திறந்து எடுத்து நீட்டினார். பதினொன்று இருந்தன. தேதி போட வேண்டிய இடம் காலி, பெயர் எழுத வேண்டிய இடம் காலி, அடியில் மட்டும் நான். கிழிக்கப் போன என்னைப் பார்த்து அவர் நல்லது சொல்கிறவர் மாதிரியே, இதைப் பெரிதாக்கினால் எனக்குத்தான் ஜாஸ்தி நஷ்டம், அவர் வியாபாரி, அவருக்குப் பதிவும் இல்லை எண்ணும் இல்லை, பிடுங்க ஒன்றுமில்லை என்று விளக்கினார். அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிட, அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதால் வந்த கோபம்தான் என்னைப் படியிறக்கியது.

அந்தப் பதினொரு தாள்களோடு கிளினிக்குக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். படிவம் பாதியில் அப்படியே நின்றது. அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். எடுத்ததும் 'அடுத்து' என்ற பொத்தான் மங்கிப்போனது. டிக் வைத்தால்தான் மேலே போக முடியும். இல்லை, நான் அனுமதித்தேன் என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமே இல்லை. எத்தனை அப்டேட், எத்தனை திருத்தம், எவ்வளவு விதிகள்! தப்புச் செய்தவன் ஒத்துக்கொள்ள ஒரு வரி விடவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? மேஜையில் ஓங்கி அறைந்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

படிவத்தை மூடிவிட்டு மருத்துவக் குழுவுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். இந்த ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து. இந்தப் பெண்ணை நான் சோதிக்கவில்லை. அவள் அந்தக் கடைக்குள் வருவதற்கு மூன்று வருடம் முன்பே வெறும் தாளில் இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தவறு என்னுடையது, அவளுடையது அல்ல. ஒரு பிரதியைக் கவுன்சிலுக்கும் அனுப்பினேன். மறுநாள் வந்தவர்களிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அந்தப் பெண் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

மருத்துவக் குழுவுக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த மருத்துவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இதன் விளைவு தெரிந்துதான் எழுதினீர்களா என்று கேட்டார். தெரியும் என்றேன். பட்டன் அழுத்தத் தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. தலையில் கம்பிகளை ஒட்டி, சத்தத்துக்கு மூளை பதில் சொல்கிறதா என்று மெஷினே பார்த்துக்கொள்ளும். அதில் நடிக்க முடியாது. அதற்கு எழுதிக் கொடுத்தார். இடது பக்கத்துக்கான கோடு அசையாமல் நேராகக் கிடந்தது. சரிபார்ப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது சான்றிதழ் கிடைத்தது.

வெளியே பஸ்ஸுக்காக ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வலது ஓரத்தில் அந்தப் பெண், அவளுக்கு இடது பக்கம் நான், எனக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா. அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக என்னிடம் பேசினார்.

"மெஷின் போட வெக்கப்படறான்னு நெனச்சேன் டாக்டரம்மா. பின்னால வந்து கூப்பிட்டுப் பாப்பேன். திரும்பலன்னா திமிருன்னு திட்டுவேன். மூணு வருஷமா திட்டாத நாளு கெடயாது. ஒருதரம் கையும் ஓங்கிட்டேன்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மகளுக்குக் கேட்காத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மகளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார்.

"அத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அந்தப் பக்கம் போய் அவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து பெஞ்சைச் சுற்றிப் போய், மகளின் வலது காதுப் பக்கம் குந்தி உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள். கடைசியில் "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். என் கடிதத்தின் நகல் இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

"நீங்க?" என்றாள்.

நானும் எழுந்து அந்தப் பக்கம் போனேன்.