சேக்காட்டிலிருந்து வந்த பொட்டாசியம்

1. பெயர்ப்பலகை

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் அறைக் கதவில் 'தகவல் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் என்பதை யாரோ தமிழில் சுருக்கியிருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய நடுத்தர அளவுத் தனியார் மருத்துவமனை அது. எக்ஸ்ரே எந்த மாடி, கேன்டீன் எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டு தினமும் ஆட்கள் வந்தார்கள். நானும் சொல்லி அனுப்பினேன். அந்த அறையிலிருந்து மக்கள் நேரடியாகப் பெற்ற பயன் நெடுநாள் வரை அது ஒன்றுதான்.

முதல் நாளே டைரக்டர் கூப்பிட்டு, "நீங்க இங்க எக்ஸாக்டா என்னம்மா பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். என்னை வேலைக்கு எடுத்தவரே அவர்தான்.

"பேஷன்ட் டேட்டா எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, அதுலேர்ந்து டாக்டர்களுக்கு உபயோகமா ஏதாவது கண்டுபிடிச்சுச் சொல்றது சார்."

சற்று யோசித்தார். "சரி. மாசாமாசம் ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க. கலர்ல இருக்கட்டும்."

கலரில் கொடுத்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. குறை சொன்னதாகவும் தெரியவில்லை.

2. ஆரோக்கியசாமி கேட்ட தகவல்

ஒரு நாள் காலை, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெயர் ஆரோக்கியசாமி. எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆவடிப் பக்கம் சேக்காட்டில் வீடு.

"தகவல் குடுக்கிற எடம் இதானேம்மா?"

"ஆமா, எங்க போகணும் உங்களுக்கு?"

"எங்கியும் போவ வேணாம். ஒரு தகவல் வேணும்."

உட்காரச் சொன்னேன். அவர் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். இதயம் பலவீனம். எங்கள் இதய மருத்துவர் சிவகுமாரிடம் வைத்தியம். அவர் கொடுக்கும் மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை என்பதால், சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி ரத்தத்தில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஐந்தை ஒட்டி இருந்தால் கவலையில்லை. ஆறைத் தாண்டினால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். மூச்சு வாங்கும் மனைவியை அம்பத்தூர் வரை இழுத்துவர முடியாததால், சேக்காட்டில் இருக்கும் எங்கள் கலெக்‌ஷன் சென்டரிலேயே ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஆறுக்கு மேல் என்று வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். மாத்திரை நின்றதும் கால் வீங்கி, மூச்சுத் திணறி, இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே ரத்தம் எடுத்தால் நார்மல். மறுபடி மாத்திரை, வீடு, சேக்காட்டில் ரத்தம், ஆறுக்கு மேல். இப்படியே போய், இப்போது மூன்றாவது முறையாக மேல்மாடி வார்டில் படுத்திருக்கிறார்.

"இங்க எடுத்தா நல்லாகீதுன்றாங்க. அங்க எடுத்தா உயிருக்கு ஆபத்துன்னு போன்ல மெசேஜ் வருது. ஒரே பொம்பள, ஒரே ரத்தம். எதும்மா நெசம்?"

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். வாழப்பழம் துன்ன வேணாம்னு சொல்லுன்றாரு. அவ வாழப்பழத்தக் கண்ணால பாத்தே பல மாசமாவுது. எளநி கெடையாது, தக்காளி கெடையாது, கீரை கெடையாது. ஊட்ல நானும் அதையேதான் துன்னுகினு கீறேன். இப்ப எனுக்குத்தான் பொட்டாசியம் கொறஞ்சிகினு போவுது."

சிரிக்காமல்தான் சொன்னார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா அவளால தாங்க முடியாதும்மா" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

3. எல்லோரும் சொன்னது சரிதான்

என் மாத ரிப்போர்ட்டைத் திறந்தேன். பொட்டாசியம், மொத்த மருத்துவமனைக்கும் சேர்த்துச் சராசரி. மேடு பள்ளமில்லாத பச்சைக் கோடு. அதைப் பார்த்தால் அம்பத்தூர் வட்டாரத்தில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

ரத்தம் எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு எங்கள் சாஃப்ட்வேரில் தனியாக இடம் கிடையாது. ஆனால் சாம்பிள் எண்ணின் முன்னெழுத்து சென்டருக்குச் சென்டர் மாறும். அதை வைத்துப் பிரித்தேன். கொரட்டூர், பூந்தமல்லி, மருத்துவமனை மூன்றும் நேர்க்கோடு. சேக்காடு மட்டும் கோடைத் தொடக்கத்திலிருந்து மேலே ஏறி, அங்கேயே நின்றிருந்தது. அதே ஆட்களின் கிரியாட்டினினையும் பார்த்தேன். சிறுநீரகம் கெட்டால் அதுவும் ஏறும். ஏறவில்லை. ஆக, சேக்காட்டு மக்களின் உடம்பில் எதுவும் மாறவில்லை. வேறு ஏதோ மாறியிருக்கிறது.

லேப் தலைவர் டாக்டர் வசந்தாவிடம் போனேன். "மெஷின் சரியா காட்டுதான்னு தினமும் கன்ட்ரோல் ஓட்டிப் பார்க்கறோம்மா. பர்ஃபெக்டா இருக்கு. ரத்த அணு உடைஞ்சாலும் பொட்டாசியம் ஏறும், ஆனா அப்ப சீரம் செவப்பா தெரியும். இது தெளிவா இருக்கு. என் லேப்ல தப்பில்ல" என்றார். தப்பில்லைதான்.

டாக்டர் சிவகுமாரிடம் போனேன். "ஆறுக்கு மேலன்னு ரிப்போர்ட் வந்தா நான் மாத்திரையை நிறுத்தாம என்ன பண்ணச் சொல்றீங்க? ஹார்ட் நின்னா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?" அதுவும் சரிதான்.

காலையில் எடுக்கும் ரத்தம் சாயங்கால வண்டியில்தான் லேபுக்கு வரும். தாமதம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஆனால் பூந்தமல்லி ரத்தமும் அதே வண்டியில், அதே தாமதத்தோடுதான் வருகிறது. அது ஒழுங்காக இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மறுநாள் காலை ஆவடிக்கு ரயில் ஏறினேன்.

4. சிறந்த சென்டர்

சேக்காட்டு சென்டர் ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சிறிய அறை. அங்கே இருந்தது தேவி என்ற பெண் ஒருத்திதான். ரத்தம் எடுப்பது, பில் போடுவது, பெருக்குவது எல்லாம் அவள். சுவரில் ஃபிரேம் போட்டு, 'சிறந்த கலெக்‌ஷன் சென்டர்' என்று நாங்கள் கொடுத்த சான்றிதழ். தரையில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

"ரத்தம் எடுத்ததும் என்ன பண்ணுவீங்க தேவி? ஒவ்வொண்ணா காட்டுங்க."

காட்டினாள். ரத்தம் எடுத்த குழாயை மெதுவாகச் சாய்த்துக் கலக்கினாள், பெயர் ஒட்டினாள், சரிபார்த்தாள். பிறகு திரும்பி, மூலையிலிருந்த சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"இது எப்ப வந்தது?"

"இந்த வெயில் ஆரம்பிக்கறப்ப மேடம். கரன்ட் போனா இந்த ரூம் அடுப்பு மாதிரி ஆயிடும். ரத்தம் கெட்டுப்போயிடுமேன்னு நான்தான் கேட்டுகினே இருந்தேன். குடுத்துட்டாங்க. அப்பலேர்ந்து ஒரு டியூப்கூட வெளிய வெக்க மாட்டேன்."

ஃபிரிட்ஜைப் போட்டோ எடுத்து டாக்டர் வசந்தாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"முழு ரத்தத்தையா உள்ள வெக்கறாங்க? அணுவைத் தனியா பிரிக்காமலா?"

"ஆமா டாக்டர். பிரிக்கற மெஷின் இங்க கிடையாது."

"குளிர்ல வெச்சா, அணுவுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் கசிஞ்சு வெளிய வந்துடும்மா. அணு உடையாது, செவக்காது, பார்த்தா தெரியாது. நம்பர் மட்டும் ஏறும். காலேஜ்ல படிச்சதுதான். நம்ம ஊர் வெயில்ல யாரு குளிரைப் பத்தி யோசிச்சா?"

5. எனக்கு வந்த எச்சரிக்கை

டாக்டர் சிவகுமாருக்குச் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும் என்றார் டாக்டர் வசந்தா. அவர் சொன்னபடி நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேவி ஒரே ஊசியில் இரண்டு குழாய் எடுத்தாள். ஒன்று மேசைமேல், ஒன்று ஃபிரிட்ஜில். இரண்டும் வழக்கமான வண்டியில் போகட்டும் என்று ஏற்பாடு. தேவியிடம் அப்போது எதையும் விளக்கவில்லை. அவள் மேசைமேல் இருந்த குழாயையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. 'உங்கள் பரிசோதனை முடிவு அபாய அளவில் உள்ளது. உடனடியாக மருத்துவரை அணுகவும்.' அந்த வாக்கியத்தை சிஸ்டத்தில் எழுதிப் போட்டவள் நான்தான். எழுதும்போது தெளிவாக இருப்பதாக நினைத்தேன். வாங்கியவுடன் டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். காரணம் தெரிந்திருந்தும் மறுபடி படித்தேன்.

அடுத்த நிமிடம் கீழ்த்தளத்திலிருந்து நர்ஸ் போன் செய்தார். "மேடம், உங்க பொட்டாசியம் ரொம்ப அதிகமா இருக்கு. எங்க இருக்கீங்க? ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

"ரெண்டாவது மாடியில இருக்கேன் சிஸ்டர்."

"அசையாதீங்க. வீல்சேர் வருது."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வீல்சேர் வந்தது. அதன் பின்னால் டாக்டர் சிவகுமாரும் வந்தார். மேசைமேல் வைத்த குழாயின் முடிவையும் ஃபிரிட்ஜ் குழாயின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதலாவது நார்மல். நின்றபடியே பார்த்தார். பிறகு அந்த வீல்சேரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எத்தனை பேருக்கு நான் மாத்திரையை நிறுத்தியிருக்கேன்னு எடுத்துக் குடுங்க" என்றார்.

மறுநாள் காலை மேல்மாடிக்குப் போய் ஆரோக்கியசாமியிடம் சொன்னேன். இங்கே எடுத்ததுதான் நிஜம், உங்கள் மனைவிக்கு மாத்திரை தொடரும், கீரையும் சாப்பிடலாம் என்றேன். ஃபிரிட்ஜ் விஷயத்தையும் மறைக்கவில்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியாடி, ஒனக்கு ஒண்ணுமில்லியாம், ரத்தம்தான் குளிருல நின்னுக்கினு இருந்திச்சாம்" என்றார். ஸ்டெல்லா டீச்சர் ஆக்சிஜன் குழாயை விலக்கி, "அப்ப மூணு தடவ அட்மிஷன் போட்டது யாருக்கு?" என்று கேட்டார்.

6. போன்

டைரக்டர் அறையில் கூட்டம் நடந்தது. "அந்தப் பொண்ணுக்கு ஒரு மெமோ குடுத்துடலாமா?" என்று கேட்டார் டைரக்டர்.

"ஃபிரிட்ஜ்ல வெக்கக் கூடாதுன்னு நாம எங்கயும் சொல்லித் தரல சார். குடுக்கறதா இருந்தா முதல்ல எனக்குக் குடுங்க" என்றார் டாக்டர் வசந்தா. மெமோ பேச்சு அத்தோடு முடிந்தது. எல்லாச் சென்டருக்கும் ரத்தத்தைப் பிரிக்கும் மெஷின் வாங்க முடிவானது. தேவிக்கு நானே போய் விளக்கினேன். அவள் நெடுநேரம் அழுதாள். "நல்லதுதானே பண்ணேன் மேடம்" என்றாள். ஆமாம் என்றேன்.

நிறுத்தப்பட்ட மாத்திரைகளை உடனே சரிசெய்ய வேண்டும் என்பதால், எடுத்துக் கொடுத்த பெயர்களை நானும் டாக்டர் சிவகுமாரும் பங்கிட்டுக்கொண்டு போன் செய்தோம். பெரும்பாலோர் நலமாக இருந்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில் மகன் எடுத்தார். அவருடைய அப்பாவும் அதே மாத்திரைக்காரர், சேக்காட்டிலேயே ரத்தம் கொடுத்தவர்.

"அப்பா தவறிட்டாங்க மேடம். போன மாசம். மூச்சுத் திணறல்."

மாத்திரை நின்றதால் இறந்தாரா, நிற்காமல் இருந்தாலும் இறந்திருப்பாரா? அவருடைய எல்லாப் பதிவுகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னிடம் இருந்த எந்த டேட்டாவும் அதைச் சொல்லவில்லை. டாக்டர் சிவகுமாரிடம் சொன்னேன். "போன்ல வேணாம். நானே போறேன்" என்றார். போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. ரத்தம் எங்கே எடுத்தது, எவ்வளவு நேரம், எந்த நிலையில் காத்திருந்தது என்பது முடிவுக்குப் பக்கத்திலேயே தன் திரையில் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டார். செய்து கொடுத்தேன். இன்றும் அப்படித்தான் வருகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரையில் தெரியும் எண் நோயாளியின் உடம்பிலிருந்து நேராக வந்துவிடுவதில்லை. வழியில் யார் கையில் இருந்தது, எங்கே காத்திருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதைப் படிக்கத் தொடங்க வேண்டும். அது தெரியாத வரை அது வெறும் எண். கலரில் போட்டாலும் எண்தான்.

வெளியான பரிசோதனை முடிவை எங்கள் சிஸ்டத்தில் அழிக்க முடியாது. கீழே குறிப்பு சேர்க்கலாம். 'பிரிக்கப்படாத ரத்தம் குளிரில் வைக்கப்பட்டது. இந்தப் பொட்டாசியம் அளவு நம்பத்தக்கதல்ல.' பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரின் பதிவிலும் இதைச் சேர்த்தேன். கடைசியாக, இறந்துபோன அந்தப் பெரியவரின் பதிவைத் திறந்தேன். இனி எந்த டாக்டரும் அதைத் திறக்கப்போவதில்லை. இருந்தாலும் முழுதாக எழுதி, என் பெயரைப் போட்டு, சேமித்துவிட்டு மூடினேன்.